பெண்களும் சமாதானமும்: வெளிநாட்டு நிதித் திட்டத்தை எந்த முறையில் மதிப்பிடலாம்?

மதிப்பீட்டு வேலை என்ன என்று நிதியாளர் எழுதித் தரும் டி.ஓ.ஆர். கைக்கு வந்ததும் முன்னுரையைத் தள்ளிவிட்டு மூன்று விவரங்களைத் தேடுங்கள். திட்டம் எத்தனை ஊர்களில் நடந்தது? தொடங்கும் முன் எடுத்த கணக்கெடுப்பு, அதாவது பேஸ்லைன், இருக்கிறதா? மதிப்பீட்டுக்கு எத்தனை ஆள்நாள் (ஒருவரின் ஒரு நாள் வேலை) கொடுத்திருக்கிறார்கள்? எந்த முறை சரிப்படும் என்பதில் பாதி இந்த மூன்றிலேயே முடிவாகிவிடும். திட்டம் யாருடைய நடத்தையை மாற்றப் பார்த்தது என்பது மீதிப் பாதி. அதைப் பெரும்பாலும் நாமே தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

தில்லியில் இருந்துகொண்டு இலங்கையின் வடக்கு கிழக்குக்கு மதிப்பீட்டு வேலையாகப் போகும் தமிழ் ஆய்வாளர்களையும், அவர்களை அமர்த்தும் சிறு அமைப்புகளையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். நேபாளத்துக்கோ நாகாலாந்துக்கோ போகிறவர்களுக்கும் முறைகள் பொருந்தும். மொழி பற்றிச் சொல்வது மட்டும் வடக்கு கிழக்குக்கே உரியது.

பேச வசதியாக ஒரு கற்பனைத் திட்டத்தை வைத்துக்கொள்வோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மட்டக்களப்பு மாவட்டங்களில் 30 ஊர்கள், ஊருக்கு ஒரு பெண்கள் குழு, மூன்று ஆண்டுகள். காணிப் பிணக்கு (நிலத் தகராறு), போரில் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய முறையீடு, பிரதேச சபைக்கு மனு, தமிழ் முஸ்லிம் ஊர்களுக்கிடையே வரும் உரசல் ஆகியவற்றில் இந்தக் குழுக்களுக்குக் குரல் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். பணம் ஓர் ஐரோப்பிய அரசுடையது. மதிப்பீட்டுக்கு 60 ஆள்நாள்.

இதை மதிப்பிட நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: தலைகளை எண்ணுவது, ஊர்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்து ஒப்பிடும் ஆர்.சி.டி., பங்களிப்புப் பகுப்பாய்வு, விளைவு அறுவடை.

எண்ணிக்கை

சமாதான முயற்சிகளில் பெண்களுக்குப் பங்கு வேண்டும் என்ற ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1325ஆம் தீர்மானம் 2000 அக்டோபர் 31இல் நிறைவேறியது. அதன் பிறகு வந்த திட்டங்கள் பலவற்றில் முதல் அளவுகோல், கூட்டத்தில் எத்தனை பெண்கள் உட்கார்ந்தார்கள் என்பதுதான். நிதியாளர் தரப்பிலும் இதே பழக்கம் உண்டு. நிதி தரும் நாடுகள் பலவற்றின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் பாலினக் குறியீடு ஒரு திட்டத்துக்கு 0, 1, 2 என்று மதிப்பெண் இடுகிறது. பெண்களின் சமத்துவமே முதன்மை நோக்கம் என்றால் 2, முக்கியமான துணை நோக்கம் என்றால் 1. இது வடிவமைப்பின்போது நிதியாளரே தன் திட்டத்துக்கு இட்டுக்கொள்ளும் எண். நோக்கத்தை மட்டும்தான் சொல்கிறது. ‘2 பெற்ற திட்டம்’ என்பதை வெற்றிக்குச் சான்றாக அறிக்கையில் எழுதாதீர்கள்.

எண்ணிக்கையில் வழக்கமாக நடக்கும் பிழை இரட்டிப்பு. ஒரே பெண் ஆறு பயிற்சிக்கு வந்தால் ஆறு பயனாளி ஆகிவிடுகிறார். ஒரே மாவட்டத்தில் நாலு அமைப்புகள் வேலை செய்தால், நன்றாகப் பேசத் தெரிந்த அதே பத்துப் பதினைந்து பெண்கள் நாலு பட்டியலிலும் வருவார்கள். கண்டுபிடிக்க ஒரு நாள் போதும். ஐந்து நிகழ்ச்சிகளின் வருகைத் தாள்களை எடுத்து, பெயர், ஊர், கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மூன்றையும் சேர்த்து ஒப்பிடுங்கள். தனித்தனி ஆட்கள் எத்தனை பேர் என்று வரும். அறிக்கையில் சொன்ன எண்ணுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்பதை முதல் வாரத்திலேயே நிதியாளரிடம் சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால் சண்டையாகும்.

இங்கே ஒரு புள்ளிவிவரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெண்கள் பங்கேற்றால் ஒரு சமாதான உடன்படிக்கை 15 ஆண்டு நிலைக்கும் வாய்ப்பு 35 விழுக்காடு கூடும் என்பது ஏறக்குறைய எல்லா ப்ரொபோசல்களிலும் இருக்கும். 1989 முதல் 2011 வரை கையெழுத்தான 182 உடன்படிக்கைகளை வைத்துச் செய்த கணக்கு அது. பேச்சாளர், மத்தியஸ்தர், சாட்சி, கையெழுத்திட்டவர் என எந்தப் பாத்திரத்தில் பெண் இருந்தாலும் ‘பங்கேற்பு’ என்று கொண்டது. அதில் தெரிவது ஒரு தொடர்பு. பெண்களைச் சேர்த்ததால் சமாதானம் நிலைத்ததா, அல்லது நிலைக்கக்கூடிய பேச்சுவார்த்தைகள்தான் பெண்களுக்கும் இடம் கொடுத்தனவா என்பதை அந்த எண் பிரித்துச் சொல்லாது. 30 ஊர்த் திட்டத்துக்கு அதைச் சான்றாக இழுப்பது எந்த வகையிலும் பொருந்தாது. பெண்களுக்குப் பேச இடம் வேண்டும் என்பதற்கு இந்த எண் தேவையே இல்லை. அவர்களுடைய காணியும் பிள்ளைகளும் பற்றிய பேச்சு அது. உரிமை என்ற ஒரே காரணம் போதும்.

ஆர்.சி.டி.

நிதியாளர் கேட்டால் மறுக்கத் தயங்கும் முறை இதுதான். அறிவியல்பூர்வமானது என்ற மதிப்பு இருக்கிறது, இந்தத் துறையில் அது சாதித்ததும் உண்டு. ஆப்கானிஸ்தானில் தேசிய ஒற்றுமைத் திட்டத்தின் கீழ் 500 ஊர்களை எடுத்து, பாதியில் மட்டும் பெண்களும் இடம்பெறும் ஊர்க் குழுக்களை அமைத்துச் சோதித்தார்கள். ஊர் விவகாரங்களில் பெண்களின் பங்கு கூடியது தெரிந்தது. சியரா லியோனில் 236 ஊர்களில் நடந்த சோதனையில் ஊரின் பொதுக் கட்டமைப்பு மேம்பட்டது, முடிவெடுப்பதில் பெண்களின் இடம் மாறவில்லை. கிழக்குக் காங்கோவில், சில ஊர்களுக்கு மட்டும் குழுவில் ஆண் பெண் சமமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுப் பார்த்தார்கள். நிபந்தனை உள்ள ஊருக்கும் இல்லாத ஊருக்கும் வேறுபாடு தெரியவில்லை. இப்படி ‘மாறவில்லை’ என்று துணிந்து சொல்ல முடிந்தது ஆர்.சி.டி.யால்தான். நாற்காலி ஒதுக்குவதாலேயே குரல் வந்துவிடாது என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று கிடைப்பது கடினம்.

ஆனால் இந்த மூன்றும் நூற்றுக்கணக்கான ஊர்களில், ஒரே அச்சில் நடந்த ஊர் மேம்பாட்டுத் திட்டங்கள். நம் 30 ஊருக்கு வாருங்கள். ‘ஊர்க் கூட்டத்தில் பேசினேன்’ என்று சொல்லும் பெண்கள் 30 விழுக்காடு, அது 40 ஆகுமா என்று பார்க்க வேண்டும். வழக்கமான 5 விழுக்காட்டுப் பிழை வரம்பும் 80 விழுக்காட்டுத் திறனும் (மாற்றம் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) வைத்தால், திட்டம் உள்ள ஊர், இல்லாத ஊர் என ஒரு பக்கத்துக்குச் சுமார் 353 பேர் வேண்டும். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள் என்பதால் இதைப் பெருக்க வேண்டும். ஊருக்கு 20 பேர், ஊருக்குள் ஒப்புமை 0.05 என்று கொண்டால் 1.95 மடங்கு: பக்கத்துக்கு 35 ஊர், மொத்தம் 70 ஊர், 1400 நேர்காணல். ஒப்புமை 0.10 ஆனால் மொத்தம் 104 ஊர் ஆகிவிடும். ஒருவர் ஒரு நாளில் ஒழுங்காக நான்கு நேர்காணல் செய்யலாம். 1400க்கு 350 ஆள்நாள், அதுவும் ஒரு சுற்றுக்கு மட்டும். நம் கையில் இருப்பது 60.

கணக்கு ஒத்துவந்தாலும் இரண்டு சிக்கல்கள் மிச்சம் இருக்கும். ஒன்று, கலப்பு. ஒரு ஊரில் பயிற்சி பெற்ற பெண் அடுத்த ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் உறுப்பினராக இருப்பார். உண்மையில் திட்டம் விரும்புவதே அந்தப் பரவலைத்தான், ஆனால் அது ஒப்பீட்டைக் கெடுத்துவிடும். இரண்டு, இடையில் பணம் நிற்பது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது, ஜூலை 1ஆம் நாளோடு அதன் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் உதவி வழங்குவதையே முடித்துக்கொண்டது. பேஸ்லைன் எடுத்துவிட்டு, முடிவில் எடுக்கும் எண்ட்லைனுக்குக் காத்திருக்கும் மதிப்பீடு அப்படியொரு நாளில் பாதி கட்டிய வீடாக நின்றுவிடும். நிதி நிலையற்றிருக்கும் இந்தக் காலத்தில் எந்த நாள் நின்றாலும் அதுவரை கிடைத்ததை வைத்து ஏதாவது சொல்ல முடிகிற முறையே பாதுகாப்பானது.

திட்டம் இனிமேல்தான் தொடங்கப் போகிறது, 100க்கு மேல் ஊர்கள், எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் போகப் பணம் இல்லை என்றால் ஆர்.சி.டி.யைத் தாராளமாகக் கேளுங்கள். முதல் ஆண்டு எந்த ஊர், இரண்டாம் ஆண்டு எந்த ஊர் என்று ஊர் மக்கள் முன்னிலையிலேயே சீட்டுப் போட்டால் அநியாயம் என்ற பேச்சும் வராது. முடிந்துபோன திட்டத்துக்கு இதைக் கேட்கும் டி.ஓ.ஆர். வந்தால் மேலே உள்ள கணக்கை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

பங்களிப்புப் பகுப்பாய்வு

கனடாவைச் சேர்ந்த ஜான் மெய்ன் வகுத்த முறை. திட்டம் இல்லாத உலகம் எப்படி இருந்திருக்கும் என்று இது கேட்பதில்லை. நடந்த மாற்றத்துக்கு என்னென்ன காரணங்கள் இருக்கக்கூடும், அவற்றில் திட்டத்தின் பங்கு நம்பத்தகுந்ததா என்று கேட்கிறது. கேள்வியை வகுப்பது, செயலிலிருந்து விளைவு வரை காரணச் சங்கிலி வரைவது, ஏற்கெனவே உள்ள சான்றைச் சேர்ப்பது, கதையை எழுதி ஓட்டையைத் தேடுவது, புதுச் சான்று சேர்ப்பது, கதையைத் திருத்துவது என்று ஆறு படி.

இது பயன்படும் இடத்துக்கு உள்ளூராட்சி ஒதுக்கீடு நல்ல எடுத்துக்காட்டு. இலங்கையில் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் 2 விழுக்காட்டை ஒட்டியே இருந்தார்கள். 25 விழுக்காட்டு ஒதுக்கீடு சட்டமாகி 2018 பிப்ரவரித் தேர்தலில் முதல் முறை நடைமுறைக்கு வந்ததும் அது 20ஐத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் பெண்களுக்குத் தலைமைப் பயிற்சி கொடுத்த எந்தத் திட்டமும் இந்த ஏற்றத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனால் போட்டிக் காரணங்களை வரிசையாக வையுங்கள்: சட்டமே செய்தது, வட்டாரத்தில் போட்டியிடாமல் நியமனம் பெறுபவர்களின் மேலதிகப் பட்டியலில் யார் என்று கட்சி தீர்மானித்தது, கணவர் அல்லது தந்தையின் அரசியல் செல்வாக்கு, வேறு அமைப்பின் பயிற்சி, நம் திட்டத்தின் பயிற்சி. ஒவ்வொன்றும் உண்மையானால் எந்தத் தடயம் கிடைக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். வென்ற உறுப்பினர் பெயர்கள் வர்த்தமானியில் (அரசிதழில்) வரும். அதைத் திட்டத்தின் பயிற்சிப் பட்டியலோடு ஒட்டிப் பாருங்கள். பயிற்சி பெற்றவர்கள் வட்டாரத்தில் நின்று வென்றார்களா, பட்டியலில் நியமனம் பெற்றார்களா? பட்டியலில் என்றால், கட்சிச் செயலாளர் ஏன் இவரை எடுத்தார் என்று அவரிடமே கேளுங்கள். ‘மனு எழுதத் தெரிந்தவர், கூட்டத்தில் பேசக்கூடியவர்’ என்று பதில் வந்தால் திட்டத்தின் பங்குக்கு வலு கூடும். ‘எங்கள் பழைய உறுப்பினரின் மனைவி’ என்று வந்தால் குறையும். அந்த மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து 2025 மேயில்தான் மறுபடி தேர்தல் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் மன்றமே இல்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் ‘பெண் உறுப்பினர் எண்ணிக்கை’ என்ற அளவுகோல் பூச்சியம் காட்டினால் அது திட்டத்தின் தோல்வி ஆகாது.

பேச்சுவார்த்தை மேசை போன்ற ஒற்றை நிகழ்வுக்கு இந்த முறையைத் தவிர வேறு வழி குறைவு. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் அரசும் விடுதலைப் புலிகளும் பக்கத்துக்கு ஐந்து பெண்கள் கொண்ட பாலின விவகார உபகுழுவை அமைத்தார்கள். நார்வே ஏற்பாட்டாளராக ஆஸ்ட்ரிட் ஹைபர்க் இருந்தார். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். பத்துப் பெண்கள் என்ற எண்ணை வைத்து வெற்றி என்பதும், பேச்சு முறிந்ததை வைத்துத் தோல்வி என்பதும் ஒரே அளவு தவறு. மேசைக்கு அவர்கள் பரிந்துரை எந்த வழியாகப் போயிருக்கும், யார் கேட்கக் கடமைப்பட்டிருந்தார் என்ற கேள்விதான் பயனுள்ளது. 1997 முதல் 2009 வரையிலான நார்வேயின் மொத்தச் சமாதான முயற்சியையும் அந்நாட்டு உதவி நிறுவனமான நோராட் ஒரு வெளிக்குழுவிடம் கொடுத்து மதிப்பிடச் செய்து 2011இல் வெளியிட்டது. ஆவணங்களையும் நேர்காணல்களையும் அடுக்கிக் காரணங்களை எடைபோட்ட வேலை அது.

எழுதிய உடன்படிக்கை ஒன்று இருந்தால் வேலை எளிது. கொலம்பிய அரசு ஃபார்க் கிளர்ச்சிப் படையோடு செய்த 2016 உடன்படிக்கையை 578 தனித்தனி வாக்குறுதிகளாகப் பிரித்து, அவற்றில் பெண்கள் தொடர்பான 130ஐத் தனியே வைத்து, எது தொடங்கவே இல்லை, எது பாதி, எது முழுமை என்று அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் க்ராக் ஆய்வு நிறுவனம் கண்காணித்து வந்திருக்கிறது. பெண்கள் தொடர்பானவை பின்தங்குவது அந்த அட்டவணையில் தெளிவாகத் தெரிகிறது. இலங்கையில் அப்படி ஒரு உடன்படிக்கை இல்லாததால் இதை அப்படியே எடுக்க முடியாது. பெண்கள், சமாதானம், பாதுகாப்பு பற்றி 2023இல் வந்த தேசியச் செயல்திட்டத்தின் வாக்குறுதிகளுக்கு இதே பாணியில் அட்டவணை போடலாம்.

இந்த முறையின் பலவீனம் எழுதுபவரின் கை. சங்கிலியை வரைவதும் நாமே, அது அறுபடவில்லை என்பதும் நாமே. ஆகவே போட்டிக் காரணங்களைத் திட்ட ஊழியர்கள் எழுத விடாதீர்கள். அந்த மாவட்டத்தை அறிந்த, திட்டத்தோடு தொடர்பில்லாத இரண்டு பேரிடம் எழுதி வாங்குங்கள்.

விளைவு அறுவடை

ரிக்கார்டோ வில்சன் கிராவ் என்பவர் மற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கியது. திட்டம் சொன்ன இலக்கிலிருந்து தொடங்காமல், நடந்த மாற்றங்களைப் பொறுக்கிச் சேர்த்துப் பின்னோக்கிப் போய்த் திட்டத்தின் பங்கைத் தேடுவது. முன்கூட்டி இலக்கு எழுத முடியாத வேலைக்கு இது பொருந்தும். சமாதான வேலையில் யார் எப்போது இறங்கிவருவார்கள் என்று மூன்று ஆண்டுக்கு முன்னால் யாருக்குத் தெரியும்?

இதில் எல்லாமே விளைவு வாக்கியத்தின் தரத்தில் நிற்கிறது. ‘பெண்கள் அதிகாரம் பெற்றனர்’ என்பது வாக்கியமே இல்லை. ஊழியர்கள் முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். யார் மாறினார், என்ன செய்தார், எப்போது, எங்கே என்ற நான்கும் வேண்டும். மாறியவர் திட்டத்துக்கு வெளியே உள்ளவராக இருக்க வேண்டும். உதாரணமாக: ‘2024 மார்ச் முதல் இன்ன பிரதேச ஒருங்கிணைப்புக் குழு, காணிப் பிணக்கு பேசும் கூட்டங்களுக்குப் பெண்கள் குழுவின் இரண்டு பிரதிநிதிகளை எழுத்துமூலம் அழைக்கிறது, அதற்கு முன் அழைத்ததில்லை.’ இதற்குக் கீழே இரண்டு துணை வாக்கியங்கள்: இது ஏன் முக்கியம், திட்டம் இதற்கு என்ன செய்தது. ‘பயிற்சி நடந்தது’ என்பது செயல். ‘பயிற்சி பிடித்திருந்தது’ என்பது கருத்து. இரண்டையும் நீக்கிவிடுங்கள்.

மூன்று ஆண்டுத் திட்டத்துக்கு ஊழியர்களும் குழுக்களும் சேர்ந்து 60, 70 வாக்கியம் தருவார்கள். கேள்வி கேட்டுச் சலித்தால் 35, 40 தேறும். அவற்றில் முக்கியமானதாகவும் சந்தேகத்துக்கு இடமுள்ளதாகவும் ஒரு பன்னிரண்டை எடுத்து வெளியாரிடம் உறுதிப்படுத்த வேண்டும். வாக்கியத்தை அப்படியே காட்டி, முழுக்க ஒப்புக்கொள்கிறீர்களா, ஓரளவா, இல்லையா, ஏன் என்று எழுதி வாங்குவது. கிராம அலுவலர், பிரதேச சபை உறுப்பினர், பாடசாலை அதிபர், பள்ளிவாசல் நிர்வாகி என விஷயம் தெரிந்த, ஆனால் திட்டத்தால் பயன்பெறாத ஆட்கள்.

இந்தப் படியில்தான் ஆபத்து இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய் ஒருவர் என்ன செய்தார் என்ற வாக்கியத்தை அரச அலுவலர் ஒருவரிடம் நீட்டுவது அந்தத் தாயைக் காட்டிக்கொடுப்பதாக முடியலாம். எந்த வாக்கியத்தை யாரிடம் காட்டலாம் என்று சம்பந்தப்பட்ட பெண்களிடம் முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதை ‘வெளியில் சரிபார்க்கப்படாதது’ என்று குறித்து அப்படியே விடுங்கள். 12இல் 3 அப்படி நின்றாலும் அறிக்கையின் மதிப்புக் குறையாது. ஏன் சரிபார்க்க முடியவில்லை என்பதே அந்த இடத்தின் நிலைமையைப் பற்றிய ஒரு கண்டுபிடிப்பு.

அடுத்த குறை, நல்லது மட்டும் விளைவது. கேட்காமல் கெட்டது வராது. ஒவ்வொரு ஊரிலும் இந்தக் கேள்விகளைக் கட்டாயம் வையுங்கள்: குழுவுக்கு வந்து நின்றுவிட்டவர்கள் யார், ஏன்? கூட்டத்துக்கு வந்ததால் வீட்டில் என்ன பேச்சு வாங்கினீர்கள்? ஒரு நாள் கூலி எத்தனை முறை போயிற்று? யாராவது வீட்டுக்கு வந்து விசாரித்தார்களா? கடைசிக் கேள்விக்குக் கூட்டத்தில் பதில் வராது. தனியாக, அதுவும் இரண்டாம் சந்திப்பில் வரலாம். வராமலும் போகலாம், வற்புறுத்தக் கூடாது.

இதோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொன்று, ரிக் டேவீஸ் வங்கதேசத்தில் தொடங்கிய ‘மிக முக்கியமான மாற்றம்’ என்ற கதை முறை. ஊரில் கதைகளைச் சேர்த்து, படிப்படியாக மேலே போய் ஒன்றைத் தேர்வது. பெண்கள் எதை முக்கியம் என்று நினைக்கிறார்கள் என்று அறிய நல்லது. தனியாக இதை மட்டும் வைத்து மதிப்பிடாதீர்கள். மேலே போகப்போகக் கண்ணீர்க் கதைகளே தேறும்.

தமிழ் தெரியும் என்பதன் எல்லை

தில்லியிலிருந்து நம்மை அழைப்பதற்கே காரணம் மொழி. அதனாலேயே இங்கே கவனம் கூட வேண்டும். ‘அமைதி’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லை இந்தியர் ஒருவர் வாயிலிருந்து கேட்டால் 1987 முதல் 1990 வரை இருந்த இந்திய அமைதிப்படை நினைவுக்கு வருபவர்கள் உண்டு. ‘சமாதானம்’ 2002க்குப் பிந்தைய சமாதான காலத்தைச் சுட்டும். ‘நல்லிணக்கம்’ 2010இல் அமைந்த ஆணைக்குழுவின் பெயரிலிருந்து அரசின் சொல்லாகிவிட்டது. கேள்வித்தாளில் எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒரு சாயல் வரும். பொதுச்சொல்லை விட்டு, ‘பக்கத்து ஊராரோடு பிரச்சினை வந்தால் யாரிடம் போவீர்கள்?’ என்பது போல நடந்த காரியத்தைக் கேளுங்கள்.

‘காணாமல் போனவர்’ என்று எழுதிவிட்டால் அத்தோடு நேர்காணல் முடிந்தது என்றே கொள்ளலாம். குடும்பங்கள் சொல்வது ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’. தாமாகப் போகவில்லை என்பதுதான் அவர்களுடைய முழு வழக்கும். அதேபோல வார்டு அங்கே வட்டாரம், பஞ்சாயத்துக்கு நேர் பிரதேச சபை, விதவை என்ற சொல்லைத் தவிர்த்துப் பெண் தலைமைத்துவக் குடும்பம். கிழக்கில் முஸ்லிம் பெண்கள் தமிழ்தான் பேசுவார்கள், ஆனால் ‘தமிழ்ப் பெண்கள்’ என்ற கட்டத்தில் தங்களைச் சேர்க்க மாட்டார்கள். 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட வரலாறும் பின்னணியில் இருக்கிறது. குழுவில் கிழக்கைச் சேர்ந்த முஸ்லிம் பெண் ஆய்வாளர் ஒருவரும் வன்னியைச் சேர்ந்த ஒருவரும் இல்லாமல் கிளம்பாதீர்கள். கேள்வித்தாளை ஆங்கிலத்திலிருந்து தில்லியில் மொழிபெயர்த்துக் கொண்டுபோகாமல், அவர்களோடு உட்கார்ந்து தமிழிலேயே எழுதி, இரண்டு ஊரில் சோதித்துப் பாருங்கள்.

நாட்களையும் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெருமழைக் காலம், ஜனவரி கடைசியிலிருந்து பெரும்போக அறுவடை. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18, மாவீரர் நாளான நவம்பர் 27 இரண்டையும் ஒட்டிய வாரங்களில் கண்காணிப்பு கூடுதல், மக்களின் துக்கமும் கூடுதல்; களப்பணி வைக்காதீர்கள். சுற்றுலா விசாவில் போய் நேர்காணல் எடுக்கக் கூடாது. அழைக்கும் அமைப்பிடம் முறையான அனுமதிக் கடிதம் வாங்குங்கள். வரும் பெண்களுக்குப் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் எல்லா ஊரிலும் ஒரே தொகையாக, முன்பே அறிவித்துக் கொடுங்கள்.

தில்லிப் பக்கத்துக் காகிதம்

ஒப்பந்தத்தின் வடிவம் முறையையே பாதிக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் ‘கிராண்ட்’ என்று எழுதப்பட்டால் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் வரும்: பதிவோ முன் அனுமதியோ வேண்டும், பணம் சன்சத் மார்க்கில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பின் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டுக்குள், இன்னொரு அமைப்புக்கு மாற்றிக்கொடுக்கவும் முடியாது. மதிப்பீட்டில் பெரும்பகுதி சம்பளமும் பயணமும் என்பதால் எது நிர்வாகச் செலவு என்ற கேள்வி உடனே எழும். வழக்கமான தொழிலில் செய்த சேவைக்கான கட்டணம் இந்தச் சட்டத்தில் வெளிநாட்டு நன்கொடையாகக் கொள்ளப்படுவதில்லை. ஆகவே சேவை ஒப்பந்தம், பில், அதற்கான கட்டணம் என்று போவதே மதிப்பீட்டுக்குப் பொருத்தம். உங்கள் அமைப்பின் பதிவு ஆவணம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவுகளைப் பொறுத்தவரை, பெயரும் பதிலும் ஒரே கோப்பில் இருக்கக் கூடாது. பெயர்ப் பட்டியல் தில்லிக்கு வரவே வேண்டாம்.

30 ஊருக்கு என்ன எடுப்பது?

எங்கள் தேர்வு விளைவு அறுவடை. அதில் தேறும் மூன்று பெரிய மாற்றங்களுக்கு மட்டும் பங்களிப்புப் பகுப்பாய்வு. வருகைத் தாள் சரிபார்ப்பு ஒரு நாள். சர்வே வேண்டாம், பேஸ்லைன் இல்லாமல் எடுத்த 200 பேர் சர்வே எதையும் சொல்லாது, ஆனால் அறிக்கையின் முதல் பக்கத்தில் அதுதான் ஏறி உட்காரும்.

60 ஆள்நாளை இப்படிப் பிரிக்கலாம். ஆவணமும் வருகைத் தாளும் 7, விளைவு வாக்கியம் எழுதித் திருத்துவது 7, களம் 24, வெளியார் உறுதிப்பாடு 6, பகுப்பாய்வு 6, ஊருக்குத் திரும்பிச் சொல்வது 4, எழுத்து 6. களத்தில் 12 ஊர், ஊருக்கு இரண்டு ஆள்நாள். ஊர்த் தேர்வை ஊழியர்களிடம் முழுக்க விட்டால் நன்றாக ஓடும் குழுக்களையே காட்டுவார்கள். மூன்று ஊரை அவர்கள் சொல்லட்டும், ஆறைச் சீட்டுப் போடுங்கள், மீதி மூன்று கட்டாயம் குழு கலைந்துபோன ஊர்களாக இருக்கட்டும். கலைந்த ஊரில் கேட்பது, ஓடும் ஊரில் கேட்பதைவிட அடுத்த திட்டத்துக்கு அதிகம் உதவும்.

பேரம் பேசும்போது நிதியாளர் முதலில் வெட்டுவது, ஊருக்குத் திரும்பிப் போகும் அந்த 4 நாளை. வெட்ட விடாதீர்கள். ஒப்பந்தத்திலேயே, ‘இறுதி அறிக்கைக்கு முன் தமிழில் நான்கு பக்கச் சுருக்கம், மாவட்டத்துக்கு ஒரு கூட்டம், பெண்கள் சொல்லும் திருத்தங்கள் தனிப் பகுதியாகச் சேர்க்கப்படும், அதற்குப் பிறகே கடைசித் தவணை’ என்று எழுதி வாங்குங்கள்.